சேர்வரின் ரெய்ட் கொன்ட்ரோலர்: அறிகுறியிலிருந்து பழுதுக்குச் செல்லும் வழிமுறை

திருகோணமலையில் நான் திறந்து பார்க்கும் சேர்வர்களில் பெரும்பாலானவை கொழும்பில் பாவித்த பொருளாக வாங்கப்பட்டு இங்கே கொண்டுவந்து பொருத்தப்பட்டவை. பல வன்தட்டுகளை ‘அரே’ என்ற ஒரே தொகுதியாக இணைத்து ஓட்டும் முறைதான் ரெய்ட்; அதை நடத்தும் கொன்ட்ரோலர் கார்ட் ஒரு நிறுவனத்தின் பழைய சேர்வரிலிருந்து கழற்றியதாகவும், வன்தட்டுகள் வேறெங்கோ ஓடியவையாகவும், கேபிள் கடைக்காரரின் பெட்டியில் அன்று அகப்பட்டதாகவும் இருக்கும். அதனால் உவர்மலையில் கண்ட அதே பழுதை மறுபடி கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் காண நேர்கிறது. அவ்வாறு திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் பணம் கேட்கும் காரணம் கடைசியிலும் வரும். உங்கள் சேர்வர் காட்டும் அறிகுறிக்கு நேரே செல்லலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம். தரவு பறிபோனதாக நான் கண்ட இடங்களில் பெரும்பாலும் பழுது சிறியதாகவே இருந்தது. அதற்குப் பின் அவசரத்தில் அழுத்தப்பட்ட பொத்தானே தரவை அழித்தது.

கைவைப்பதற்கு முன்

சேர்வர் இன்னும் ஓடுகிறது, கோப்புகள் திறக்கின்றன என்றால், கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்த பிறகே மற்ற எதுவும். அடுத்ததாகக் கொன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவைச் சேமித்துக்கொள்ளுங்கள். மெகாரெய்ட் குடும்பக் கார்டுகளுக்கு ஸ்டோர்சிஎல்ஐ, டெல் பேர்க் கார்டுகளுக்கு பேர்க்சிஎல்ஐ, எச்பி ஸ்மார்ட் அரேக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ என்ற கருவிகள் இந்த வேலையைச் செய்யும். எந்த வன்தட்டு முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்ற விவரம் அந்தப் பதிவில்தான் இருக்கும். பின்னர் அது பொன்னாகத் தேவைப்படும்.

ரெய்ட் மட்டம் (1, 5, 6, 10 போன்ற இணைப்பு வகை), ஸ்ட்ரைப் அளவு (தரவு வன்தட்டுகளுக்குப் பகிரப்படும் துண்டின் அளவு), வன்தட்டுகளின் வரிசை, கேஷ் (வன்தட்டில் எழுதுமுன் தரவு தங்கும் கார்டின் தற்காலிக நினைவகம்) அமைப்பு ஆகியவை தெரியும் திரைகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வன்தட்டைத் தாங்கும் ஒவ்வொரு டிரேயிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஸ்லொட் எண்ணை எழுதுங்கள். பெரும்பாலான சேர்வர்களில் எண் 0 இலிருந்து தொடங்குவதால், முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே எழுத வேண்டும்.

சேர்வரை நிறுத்தும்போது இரண்டு பவர் சப்ளைகளின் வயர்களையும் கழற்றுங்கள். கேஷ் உள்ள சில கார்டுகளில், வன்தட்டில் இன்னும் எழுதப்படாத தரவு கேஷில் தங்கியிருந்தால் ஒரு சிறிய விளக்கு எரியும். அது எரிந்துகொண்டிருக்கும் வரையில் பற்றரியைக் கழற்றக் கூடாது.

அறிகுறி: கார்ட் இருப்பதாகவே சேர்வர் காட்டவில்லை

முதலில், உண்மையிலேயே காணவில்லையா என்று உறுதிப்படுத்த வேண்டும். பழைய பயோஸ் முறையில் சேர்வர் எழும்பும்போது கன்ட்ரோல்-ஆர் அல்லது கன்ட்ரோல்-எச் அழுத்தச் சொல்லும் வரி ஒன்று திரையில் ஓடும். யூஈஎஃப்ஐ முறையில் அந்த வரி வராது. கார்டின் அமைப்புப் பக்கம் சேர்வரின் செட்டப் திரைக்குள்ளேயே ஒரு மெனுவாக இருக்கும். வரி வரவில்லை என்பதற்காகக் கார்டைக் கழற்றுபவர்கள் பலர். செட்டப்பில் கார்ட் பொருத்திய ஸ்லொட்டின் ஆப்ஷன் ரொம் (எழும்பும்போது கார்டை இயக்கும் சிறு நிரல்) அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

அங்கும் இல்லையென்றால் ஸ்லொட்டைச் சந்தேகியுங்கள். இரண்டு சிபியு போடக்கூடிய மதர்போட்டில் சில ஸ்லொட்டுகள் இரண்டாவது சிபியுவோடு இணைக்கப்பட்டவை. அந்த சிபியு இல்லாவிட்டால் அந்த ஸ்லொட்டுகள் உயிரற்றவை. செலவைக் குறைக்க ஒரு சிபியுவோடு வாங்கிய சேர்வர்களில் இது அடிக்கடி நேர்கிறது. சில நிறுவனச் சேர்வர்களில் சேமிப்பகத்துக்கென ஒதுக்கிய ஸ்லொட் தங்கள் கார்டை மட்டுமே ஏற்கும்; வேறு கார்டைப் போட்டால் எழும்பும் வழியிலேயே பிழைச் செய்தியோடு நின்றுவிடும். கார்டைச் சாதாரண ஸ்லொட்டுக்கு மாற்றினால் ஓடும்.

அடுத்தது இந்த ஊருக்கே உரிய காரணம். கடலை ஒட்டிய கட்டடங்களில், ஏசியைப் பகலில் ஓட்டி மாலையில் நிறுத்தும் அறைகளில், உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து கார்டின் தொடுமுனைகளில் மங்கலான படலத்தை உண்டாக்கும். டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் பொன் நிறத்தில் பளபளக்க வேண்டிய முனைகளில் பழுப்பு அல்லது பச்சைப் புள்ளிகள் தெரியும். ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சு ஒட்டாத துணியால் ஒரே திசையில் துடைத்து, நன்கு உலர்ந்த பின் இருபுறமும் சமமாக அழுத்திப் பொருத்துங்கள். அழிறப்பரால் தேய்ப்பதை நான் செய்வதில்லை. பொன் பூச்சு மெல்லியது. போதாததற்கு றப்பர்த் துகள் ஸ்லொட்டுக்குள் விழுந்து புதிய பழுதை உண்டாக்கும்.

சாதாரண மேசைக் கணினி மதர்போட்டில் சேர்வர் கார்டைப் போட்டதும் கணினி எழும்பவே மறுத்தால், அல்லது மெமரி குறைவாகத் தெரிந்தால், கார்டின் எஸ்எம்பஸ் (மதர்போட்டோடு சிறு தகவல் பரிமாறும் பாதை) தொடுமுனைகள் மோதுகின்றன என்று கொள்ளலாம். பாகங்கள் பொருத்தியிருக்கும் பக்கத்தில், பிராக்கெட் முனையிலிருந்து 5ஆம், 6ஆம் தொடுமுனைகளை மட்டும் மெல்லிய காப்பு நாடாவால் மூடினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், வேறொரு சேர்வரில் போட்டும் தெரியாத கார்ட் இறந்துவிட்டது. வன்தட்டுகளில் தரவு எதுவும் இல்லையென்றால் வேறு கார்ட் வாங்கலாம். தரவு இருந்தால் அதே குடும்பத்துக் கார்ட் ஒன்றையே தேடுங்கள். மெகாரெய்ட் எழுதிய அமைப்பை ஸ்மார்ட் அரே வாசிக்காது.

அறிகுறி: கார்ட் தெரிகிறது, வன்தட்டுகள் தெரியவில்லை

எல்லா வன்தட்டுகளுமே இல்லை என்றால்

வன்தட்டுகளை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். கார்டிலிருந்து புறப்படும் எஸ்எஃப்எஃப்-8087 முனை ஒரு சிறிய ஒலியோடு பூட்டிக்கொள்ள வேண்டும். பாதி உள்ளே போன நிலையில் அது பார்வைக்கு முழுதும் போனது போலவே இருக்கும். புதிய கார்டுகளில் வரும் எஸ்எஃப்எஃப்-8643 முனைக்கும் இது பொருந்தும்.

ஒரு முனை நான்காகப் பிரியும் கேபிளாக இருந்தால், அது எந்தத் திசைக்கானது என்று கேட்க வேண்டும். கார்டிலிருந்து நான்கு வன்தட்டுகளுக்குச் செல்லும் ஃபோர்வர்ட் கேபிளும், மதர்போட்டின் நான்கு சாட்டா போர்ட்டுகளிலிருந்து பேக்பிளேனுக்கு (வன்தட்டுகள் செருகப்படும் பலகை) செல்லும் ரிவர்ஸ் கேபிளும் வெளித் தோற்றத்தில் ஒன்றே. உள்ளே கம்பிகள் செல்லும் முறை வேறு. தவறானதைப் போட்டால் எதுவும் எரியாது, புகையாது. ஒரு வன்தட்டும் தெரியாது, அவ்வளவுதான். கேபிளின் மேல் எழுத்து இல்லையென்றால், வேலை செய்வது உறுதியான ஃபோர்வர்ட் கேபிள் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே விரைவான வழி. இந்தச் சோதனைக்காகவே ஒரு கேபிளைப் பையில் வைத்திருப்பது நல்லது.

கேபிள் சரியென்றால் பேக்பிளேனுக்கு மின் வருகிறதா என்று பாருங்கள். வன்தட்டைக் கையால் தொட்டால் சுழலும் அதிர்வு தெரிய வேண்டும். எந்த வன்தட்டும் சுழலவில்லை என்றால் பவர் கனெக்டரிலோ பேக்பிளேனிலோதான் பழுது.

ஒன்றிரண்டு மட்டும் இல்லை என்றால்

சேர்வரை நிறுத்திவிட்டு, தெரியாத வன்தட்டைத் தெரியும் ஸ்லொட்டுக்கு மாற்றுங்கள். பழுது வன்தட்டோடு நகர்ந்தால் வன்தட்டு. ஸ்லொட்டிலேயே தங்கினால் பேக்பிளேன் அல்லது கேபிள். பேர்க், மெகாரெய்ட் போன்ற கார்டுகள் நிறுத்திய நிலையில் இடம் மாறிய வன்தட்டை அதன் உள்ளே எழுதியிருக்கும் அமைப்பைக் கொண்டு அடையாளம் காணும். ஆனால் ஓடும்போது மாற்றினால் அதை விழுந்ததாகவே கணக்கில் எடுக்கும்.

வேறு சேமிப்பகங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் சாஸ் (சேர்வர்களுக்கான இணைப்பு வகை) வன்தட்டுகள் சில, 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட் செக்டர்களாக வடிவமைக்கப்பட்டவை. கார்ட் அவற்றை ஏற்காது, அல்லது பட்டியலில் காட்டியும் அரேயில் சேர்க்க விடாது. ரெய்ட் இல்லாத சாதாரண சாஸ் அடப்டரில் இணைத்து லினக்ஸின் எஸ்ஜி-ஃபோர்மட் கருவியால் 512 ஆக மாற்றலாம். பல மணி நேரம் எடுக்கும். இடையில் மின் போகக் கூடாது.

அளவு குறைவாகத் தெரிகிறது என்றால்

4 டெராபைட் வன்தட்டு 2 டெராபைட்டாகத் தெரிந்தால் கார்ட் பழையது. பேர்க் 6/ஐ போன்ற அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு 2 டெராபைட்டுக்கு மேல் தெரியாது. அமைப்பு எதையும் மாற்றிப் பயனில்லை; கார்டைத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஃபாரின் கான்ஃபிகரேஷன் இருப்பதாகத் திரை சொல்கிறது

மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இதில்தான் நிதானம் வேண்டும். இந்தக் கார்டின் நினைவில் இல்லாத அமைப்பு ஒன்று வன்தட்டில் எழுதியிருக்கிறது என்பதே செய்தியின் பொருள். திரை இரண்டு வழிகளைக் கொடுக்கும்: இம்போர்ட் அல்லது கிளியர். இம்போர்ட் என்பது வன்தட்டில் இருக்கும் அமைப்பை ஏற்றுக்கொள்வது. கிளியர் என்பது அந்த அமைப்பை அழிப்பது. எது சரியென்பது அந்த வன்தட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

உங்கள் சொந்த வன்தட்டுகள்தான், கார்டை மாற்றினீர்கள், அல்லது கேபிள் கழன்று மீண்டும் போட்டீர்கள் என்றால் இம்போர்ட். அதற்கு முன் ப்ரிவியூ பக்கத்தைத் திறந்து, அரே முழுமையாகத் தெரிகிறதா, எல்லா வன்தட்டுகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைவாகத் தெரிந்தால் இம்போர்ட் செய்யாமல் வெளியே வந்து கேபிளைச் சரிபாருங்கள். குறைந்த நிலையில் இம்போர்ட் செய்து சேர்வரை ஓட்டினால், கேபிள் கழன்று கிடந்த நல்ல வன்தட்டு பழைய தரவு கொண்டதாகிவிடும்.

பாவித்த வன்தட்டு ஒன்றைப் புதிதாகப் போட்டதால் செய்தி வந்ததென்றால், அதிலிருப்பது யாரோ ஒருவரின் பழைய அமைப்பு. கிளியர் செய்ய வேண்டியதுதான். ஆனால் பழைய மெனுக்களில் கிளியர் என்ற கட்டளை ஃபாரின் நிலையிலுள்ள எல்லா வன்தட்டுகளையும் ஒன்றாகவே அழிக்கும். உங்கள் வன்தட்டும் அந்நேரம் ஃபாரின் பட்டியலில் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். ஆகவே சேர்வரை நிறுத்தி, உங்கள் வன்தட்டுகளை டிரேயோடு வெளியே இழுத்து வைத்துவிட்டு, அந்நிய வன்தட்டை மட்டும் வைத்து அழித்து, பின்னர் மீண்டும் நிறுத்தி மற்றவற்றை உள்ளே போடுங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் செல்லும். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருடக் கணக்கை இழந்த கடைகள் உண்டு.

மூன்றாவது நிலை மிகவும் ஆபத்தானது. சில வாரங்களுக்கு முன் அரேயிலிருந்து விழுந்து, யாரும் கவனிக்காமல் இருந்த வன்தட்டு ஒன்று, சேர்வரை நிறுத்தி எழுப்பியதும் மீண்டும் உயிர்பெற்று ஃபாரினாகத் தெரியும். அதிலிருப்பது விழுந்த நாளின் தரவு. அதை ஆன்லைன் என்று கட்டாயப்படுத்தினால் பழைய தரவும் புதிய தரவும் ஒன்றோடொன்று கலந்து கோப்புகள் சிதையும். பதிவில் விழுந்த தேதியைப் பாருங்கள். பழையதென்றால் அதன் அமைப்பை மட்டும் அழித்து, மறுகட்டமைப்புக்கு (மற்ற வன்தட்டுகளிலிருந்து தரவை மீண்டும் எழுதி நிரப்புவது) விடுங்கள்.

எந்த வன்தட்டு யாருடையது என்று சொல்ல முடியவில்லை, அல்லது ப்ரிவியூவில் அரே செயலிழந்ததாகத் தெரிகிறது என்றால், அந்த இடத்திலேயே நிறுத்தி வல்லுநரை அழையுங்கள். அதே அளவுகளைக் கொடுத்து அரேயைப் புதிதாக உருவாக்கி இனிஷியலைஸ் (வெறுமையாக்கித் தயார்ப்படுத்தல்) செய்யாமல் விட்டால் தரவு திரும்பும் என்று ஒரு வழி சொல்லப்படுகிறது. அது உண்மையில் உள்ள வழியே. ஆனால் ஒவ்வொரு வன்தட்டையும் முழுமையாகப் பிரதி எடுத்த பின், வரிசையும் ஸ்ட்ரைப் அளவும் தெரிந்தவர் செய்ய வேண்டியது.

அறிகுறி: அரே உருவாகிவிட்டது, ஆனால் இயங்குதளத்தை நிறுவ முடியவில்லை

விண்டோஸ் நிறுவும் திரை வன்தட்டே இல்லை என்று சொன்னால் டிரைவர் வேண்டும். கார்டின் டிரைவரைச் சுருக்கிய கோப்பாக அல்லாமல் விரித்து யூஎஸ்பியில் போட்டு, லோட் டிரைவர் வழியாகக் காட்டுங்கள். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 உம் அதைப் பின்பற்றும் வெளியீடுகளும் பழைய கார்டுகள் பலவற்றின் ஆதரவை நீக்கிவிட்டன. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ 7 உம் பழைய வகை டிரைவர்களைக் கைவிட்டது. ஈஎஸ்எக்ஸ்ஐ 6.5 இல் ஓடிய கார்ட் 7 இல் காணாமல் போனால் கார்டைக் குறை சொல்ல ஏதுமில்லை.

நிறுவிய பிறகு எழும்பவில்லை என்றால், நிறுவியபோது இருந்த முறையும் இப்போதுள்ள முறையும் ஒன்றா என்று பாருங்கள்: யூஈஎஃப்ஐயில் நிறுவியதைப் பழைய பயோஸ் முறையில் எழுப்ப முடியாது. அரே 2 டெராபைட்டுக்கு மேலிருந்து எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் மிகுதி இடம் பாவிக்க முடியாமல் கிடக்கும். இயங்குதளத்துக்குச் சிறிய மெய்நிகர் வன்தட்டு ஒன்றைத் தனியே உருவாக்கி, கொன்ட்ரோலர் மெனுவில் அதையே எழும்பும் வன்தட்டாகக் குறித்துவிடுவது என் வழக்கம்.

அறிகுறி: சேர்வர் கத்துகிறது

"தம்பி, பெட்டி காலமையிலிருந்து கத்துது, இதை நிப்பாட்டுறது எப்படி?" என்று தொலைபேசி வந்தால், "நிப்பாட்டாதேங்கோ ஐயா, எப்படிக் கத்துது எண்டு ஒருக்கா சொல்லுங்கோ" என்பதே என் பதில். மெகாரெய்ட் கார்டுகளில் ஒரு விநாடி ஒலித்து ஒரு விநாடி ஓய்ந்தால் அரே ஒரு வன்தட்டை இழந்து ஓடுகிறது. மூன்று விநாடி ஒலித்து ஒரு விநாடி ஓய்ந்தால் அரே முழுவதுமே விழுந்துவிட்டது. முன்னதில் உடனே பிரதி எடுக்கலாம். பின்னதில் ஒன்றையும் தொடக் கூடாது.

ஒலியை நிறுத்தும் மெனுவில் சைலன்ஸ், டிசேபிள் என்று இரண்டு இருக்கும். சைலன்ஸ் இந்த ஒலியை மட்டும் அடக்கும். டிசேபிள் அடுத்த வன்தட்டு விழும்போதும் வாய் திறக்க விடாது. பாவித்த சேர்வரை வாங்கியதும் யாராவது முன்னரே டிசேபிள் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

அறிகுறி: ஒரு வன்தட்டு அடிக்கடி விழுகிறது

கருவியில் அந்த வன்தட்டின் விவரத்தைத் திறந்தால் இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும்: மீடியா பிழை, மற்றைய பிழை. மீடியா பிழை ஏறிக்கொண்டு போனால் வன்தட்டின் மேற்பரப்பு கெடுகிறது, மாற்றுங்கள். மீடியா பிழை பூச்சியமாக இருந்து மற்றைய பிழை மட்டும் ஏறினால் வன்தட்டைக் குப்பையில் போட அவசரப்பட வேண்டாம். கேபிள், பேக்பிளேன், மின் இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள். நல்ல வன்தட்டுக்கு மாற்றீடாகப் புதியது வாங்கிப் போட்டு, அதுவும் அதே ஸ்லொட்டில் விழுந்த பிறகு அழைப்பவர்களே அதிகம்.

இரண்டும் குறைவாக இருந்தும் விழுகிறது என்றால், வன்தட்டு மேசைக் கணினிக்கானதா என்று பாருங்கள். ரெய்டுக்கென்றே வரும் வன்தட்டு வாசிக்க முடியாத செக்டரைக் கண்டால் ஏறத்தாழ 7 விநாடியில் கைவிட்டுக் கார்டிடம் சொல்லிவிடும். மேசைக் கணினி வன்தட்டு ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டே இருக்கலாம். பதில் வராததால் அது இறந்துவிட்டதாக எண்ணிக் கார்ட் வெளியேற்றிவிடும். சில மொடல்களில் இந்த நேரத்தைக் குறைக்க முடியும், பலவற்றில் முடியாது. கண்காணிப்புக் கமெரா வன்தட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று கணக்கியல் சேர்வரில் போடுவதையும் நான் ஊக்குவிப்பதில்லை.

மறுகட்டமைப்பு தொடங்கவே இல்லை என்றால், புதிய வன்தட்டு பழையதைவிடச் சில செக்டர்களாவது சிறியதா, சாஸ் அரேயில் சாட்டா போட்டிருக்கிறீர்களா, அல்லது மேலே சொன்ன ஃபாரின் அமைப்பு அதில் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். தொடங்கி மெதுவாகப் போகிறது என்றால் பொறுத்திருங்கள்: 4 டெராபைட் வன்தட்டை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நிரப்பவே 11 மணித்தியாலம் வேண்டும், பகலில் ஆட்கள் வேலை செய்தால் அதற்கும் மேல்.

ஒரு வன்தட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்ட் 5 இல் மறுகட்டமைப்புக்கு முன் பிரதி எடுக்காமல் தொடங்காதீர்கள். சாதாரண சாட்டா வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் அளவு 10¹⁴ பிட்டுக்கு ஒரு வாசிக்க முடியாத பிழை வரை, அது 12.5 டெராபைட். நான்கு 4 டெராபைட் வன்தட்டுகளில் ஒன்று விழுந்தால், மீதி மூன்றிலிருந்து 12 டெராபைட்டை வாசித்தே புதியதை நிரப்ப வேண்டும். இதனால் ஒவ்வொரு முறையும் தோற்கும் என்று பொருளில்லை. ஆனால் பெரிய வன்தட்டுகளோடு ரெய்ட் 5 அமைக்கச் சொன்னால் நான் ரெய்ட் 6 அல்லது 10 என்றே பேசுவேன். மெகாரெய்டில் வாரம் ஒரு முறை, அதாவது 168 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, தானாக ஓடும் பேட்ரோல் ரீட் சோதனையை யாரும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் கெட்ட செக்டர்கள் முன்கூட்டியே தெரியவரும்.

ஒரே நேரத்தில் இரண்டு விழுந்தால்

இரண்டு வன்தட்டுகள் ஒரே நிமிடத்தில் சாவது அரிது. இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள்: ஒரே கேபிள், ஒரே பவர் இணைப்பு, ஒரே பேக்பிளேன். சேர்வரை நிறுத்தி, அவற்றைச் சரிசெய்து, எழுப்பிப் பாருங்கள். இரண்டும் தெரிந்து ஃபாரின் என்று வந்தால் மேலே சொன்ன நிதானத்தோடு ப்ரிவியூ பாருங்கள். தெரியவில்லை என்றாலோ, இரண்டும் வெவ்வேறு நாட்களில் விழுந்ததாகப் பதிவு சொன்னாலோ அதுவே வல்லுநரை அழைக்கும் இடம்.

அறிகுறி: வாசிப்பு வேகமாக இருக்கிறது, எழுதுவது ஆமை வேகம்

நேற்றுவரை சரியாக ஓடிய பில் போடும் மென்பொருள் இன்று ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் நின்று நின்று போகிறது என்றால், பத்தில் ஒன்பது முறை பற்றரிதான். கார்டின் கேஷ் நினைவகத்தை மின்வெட்டின்போது காப்பாற்றும் சிறிய லித்தியம் பற்றரி அது. அது பலவீனமானதும் கார்ட் தானாகவே, கேஷில் சேர்ந்ததுமே எழுதியதாகக் கொள்ளும் ரைட்-பேக் முறையிலிருந்து ரைட்-த்ரூவுக்கு மாறி, ஒவ்வொரு எழுத்தும் வன்தட்டில் சேரும் வரை காத்திருக்கும். கருவியில் இயல்பு முறை, தற்போதைய முறை என இரண்டு காட்டும். முன்னது ரைட்-பேக், பின்னது ரைட்-த்ரூ என்று வேறுபட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பற்றரி தன்னைத்தானே அளந்துகொள்ளும் லேர்ன் சுற்று நடக்கும்போதும் சில கார்டுகளில் இதே மாற்றம் சில மணித்தியாலத்துக்கு வரும். மறுநாள் வேகம் திரும்பினால் கவலையில்லை. திரும்பாவிட்டால் பற்றரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ வேண்டாம். வெப்பமான அறையில் இந்தப் பற்றரிகள் விரைவில் தேயும். பாவித்ததாக விற்கும் பற்றரியை வாங்காதீர்கள்; அதுவும் அதே வயதுடையதாகத்தான் இருக்கும். பற்றரிக்குப் பதில் மின்தேக்கியும் ஃபிளாஷ் நினைவகமும் கொண்ட கேஷ்வோல்ட் வகைக் கார்டுகளில் இந்தத் தொல்லை குறைவு.

பற்றரி இல்லாமலே எப்போதும் ரைட்-பேக் என்று கட்டாயப்படுத்தும் தெரிவு ஒன்று மெனுவில் உண்டு. அதைப் போட்டதும் வேகம் உடனே திரும்பும், வாடிக்கையாளர் மகிழ்வார். அடுத்த மின்வெட்டில் கேஷில் இருந்ததெல்லாம் போய்விடும். யூபிஎஸ் இருக்கிறதே என்ற பதில் போதாது. யூபிஎஸ் பற்றரியும் ஒரு நாள் சாகும், பவர் சப்ளையும் சாகும்.

பற்றரியே இல்லாத கார்டாகவும் இருக்கலாம். பேர்க் எச்310, எச்330 போன்றவற்றில் எழுதும் கேஷே கிடையாது. அவற்றில் ரெய்ட் 5 அமைத்துவிட்டு வேகத்தைத் தேடுவது வீண். ரெய்ட் 1 அல்லது 10 ஆக மாற்றுங்கள், இல்லையேல் கேஷ் உள்ள கார்ட் வாங்குங்கள்.

அறிகுறி: மின் போய் வந்தபின் கேஷ் தரவு இழந்ததாகச் செய்தி

நல்ல பற்றரி கேஷை 72 மணித்தியாலம் வரை தாங்கக்கூடும். தேய்ந்தது அதில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தச் செய்தி சாதாரணமானது. இப்போது அதிகம் காண்பது வேறு காரணத்தால்: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சேர்வரை முறைப்படி நிறுத்தாமல் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போனால், திங்கள் காலை எட்டு மணி வரை 63 மணித்தியாலம். முறைப்படி நிறுத்தினால் கேஷ் முதலில் வன்தட்டில் எழுதப்பட்டுவிடும். எத்தனை நாள் மின் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

செய்தி வந்துவிட்டால், சேர்வர் எழும்பியதும் கோப்பு முறைமைச் சோதனையையும் தரவுத்தளச் சோதனையையும் ஓட்டிய பின்னரே ஆட்களை உள்ளே விடுங்கள். வன்தட்டு ஒன்று காணாமல் போய், கேஷ் தரவு பாதுகாக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால் அதை டிஸ்கார்ட் செய்யாதீர்கள். காணாமல் போன வன்தட்டை முதலில் மீட்டால் அந்தத் தரவு தானாக எழுதப்படும்.

யூபிஎஸ் இருந்தும் மின் மாறும் கணத்தில் சேர்வர் விழுகிறதென்றால், யூபிஎஸ் தரும் அலை வடிவத்தைப் பாருங்கள். சேர்வர் பவர் சப்ளைகள் சில, மலிவான யூபிஎஸ் தரும் படி வடிவ அலையை ஏற்காமல் அணைந்துவிடும். சைன் அலை யூபிஎஸ்தான் தீர்வு.

அறிகுறி: கச்சான் காலத்தில் மட்டும் கார்ட் உறைகிறது

மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அந்த உலர்ந்த வெப்பக் காற்று வீசும் நாட்களில், பிற்பகலில் மட்டும் சேர்வர் உறைந்து, இரவில் ஒழுங்காக ஓடினால் வெப்பம்தான் காரணம். கொன்ட்ரோலர் சிப் சேர்வரின் உள்ளே வீசும் காற்றை நம்பியே வடிவமைக்கப்பட்டது. மெகாரெய்ட் கார்டுகள் பல நிமிடத்துக்கு 200 அடி வேகக் காற்றோட்டம் கேட்கின்றன. சேர்வரின் உள்ளே காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் மறைப்பு தொலைந்திருக்கிறதா, வெற்று டிரேக்களின் மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடி இல்லாத இடைவெளியால் காற்று குறுக்குவழியில் போய்விடும். தூசைத் துடைத்து, மேசைக் கணினிப் பெட்டியாக இருந்தால் கார்டின் ஹீட்சிங்கை நோக்கி ஒரு சிறிய விசிறியைப் பொருத்துங்கள். குளிர்ந்த பிறகும் பதிவில் கொன்ட்ரோலர் ஃபோல்ட் என்று தொடர்ந்து வந்தால் கார்டின் உள் நிரலான ஃபேர்ம்வேரைப் புதுப்பிக்கலாம். அரே குறைபட்ட நிலையில் இருக்கும்போது மட்டும் அதைச் செய்யக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் கார்டை மாற்ற வேண்டும்.

கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தால்

வன்தட்டிலிருந்து டக் டக் என்ற ஒலி வந்தாலோ, இரண்டுக்கு மேல் விழுந்திருந்தாலோ, யாரோ ஏற்கெனவே இனிஷியலைஸ் செய்துவிட்டிருந்தாலோ மேலும் மின் கொடுக்காதீர்கள். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பஸ்ஸில் பார்சலாகப் போடுவதைவிட ஒருவர் கையில் கொண்டுபோவது நல்லது. விழுந்தவை, நல்லவை என்று பிரிக்காமல் அரேயின் எல்லா வன்தட்டுகளையும் அனுப்புங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி ஆன்டி-ஸ்டாட்டிக் பையில், சுற்றிலும் தடித்த பஞ்சணையோடு, ஸ்லொட் எண் ஒட்டியபடி இருக்க வேண்டும். கார்டையும் கூடவே அனுப்புங்கள். ரெய்ட் மட்டம், ஸ்ட்ரைப் அளவு, எந்த வன்தட்டு எந்த நாள் விழுந்தது, அதன் பின் யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதை ஒரு தாளில் மறைக்காமல் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். மீட்பவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.